டூகோவின் காது

பாலைவனத்தில் நடந்து உதடு வெடித்து, செத்தேன் பிழைத்தேன் என்று ஓர் ஊருக்குள் வந்து சேர்கிறான் டூகோ. முதலில் தண்ணீர். அடுத்து அவன் நுழைவது சாப்பாட்டுக் கடை இல்லை, துப்பாக்கிக் கடை!

'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) பார்த்தவர்களுக்கு இந்த இடம் மறக்காது. பார்க்காதவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுங்கள். வயதான கடைக்காரர் ரெமிங்டன், கோல்ட் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். டூகோ எல்லாவற்றையும் பிரித்துப் போடுகிறான். ஒன்றின் குழலைக் கண்ணில் வைத்துப் பார்க்கிறான். இன்னொன்றின் உருளையைக் காதுக்குப் பக்கத்தில் சுழற்றி, தம்புராவுக்கு சுருதி சேர்க்கிற வித்வான் மாதிரி 'க்ளிக் க்ளிக்' கேட்கிறான். இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் எடுத்துத் தனக்கென்று ஒரு ரிவால்வர் கோத்து, அதையே நீட்டிக் கடைக்காரரின் கல்லாவைக் காலி செய்துவிட்டுப் போகிறான்.

எலி வாலக்கின் முகத்துக்காகவே இந்தக் காட்சியைப் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். ஆனால், துப்பாக்கி தெரிந்தவர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

காரணம் ஒன்று: ஒரு கம்பெனியின் உருளை இன்னொரு கம்பெனியின் குழலுக்குப் பொருந்தாது. பஜாஜ் என்ஜினில் டி.வி.எஸ். பிஸ்டன் மாட்டுகிற கதை.

காரணம் இரண்டுதான் பெரிசு. கதை நடப்பது 1862, அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயம். அன்றைய ரிவால்வருக்கு 'கேப் அண்ட் பால்' என்று பெயர். உருளையில் ஆறு ஓட்டை. ஒவ்வொன்றிலும் கறுப்பு மருந்து கொட்டி, ஈய உருண்டை வைத்து, நெம்புகோலால் கிட்டிக்க வேண்டும். பின்பக்கம் ஒவ்வொரு முனையிலும் குட்டியாக ஒரு செப்புத் தொப்பி மாட்ட வேண்டும். தீபாவளித் துப்பாக்கியில் வைப்போமே பொட்டு வெடி, அதற்கு அண்ணன். ஆறு தடவை இந்தச் சடங்கு முடிவதற்குள் எதிராளி காபி குடித்துவிட்டு வந்து சுடலாம்.

டூகோவோ பளபளவென்று பித்தளைத் தோட்டாவைப் போடுகிறான். பின்பக்கத்திலிருந்து தோட்டா போடுகிற மாதிரி முழுக்கத் துளைத்த உருளைக்கு 1869 வரை காப்புரிமை இருந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி அதைத் தன் கையில் வைத்திருந்தது. கோல்ட் ரிவால்வர்கள் தோட்டாவுக்கு மாறியது அதற்கு அப்புறம்தான்.

இதில் லியோனி மீது எனக்கு நிஜமாகவே ஒரு வருத்தம் உண்டு. ஹோட்டல் அறையில் கிளின்ட் ஈஸ்ட்வுட் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருப்பார். தெருவில் படை போகிற சத்தம். அது சட்டென்று நிற்க, மாடிப்படியில் குதிமுள் ஓசை. அவசரமாகத் துப்பாக்கியை மாட்டித் தோட்டா போட்டுச் சுடுவார். அங்கே தோட்டாவுக்கு பதில் மருந்தும், உருண்டையும், விரல் நடுங்க மாட்டுகிற செப்புத் தொப்பியும் இருந்திருந்தால்? ஒரே ஒரு அறையை நிரப்பவே நம் உயிர் போயிருக்கும். சரித்திரம் இலவசமாகக் கொடுத்த சஸ்பென்ஸை டைரக்டர் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

சரி, இப்போது மூன்றாவது விஷயம். அந்தக் காலத்து இத்தாலிய கௌபாய் படங்களில் வருகிற கோல்ட்டுகள் பெரும்பாலும் கோல்ட்டே இல்லை. இத்தாலியில் செய்த நகல்கள்!

வடக்கு இத்தாலியில் கார்டோனே வால் ட்ரோம்பியா என்று ஒரு மலையடிவார ஊர். நூற்றாண்டுகளாக அங்கே குலத்தொழில் துப்பாக்கி. 1950-களின் கடைசியில் வால் ஃபோர்ஜெட் என்கிற அமெரிக்க வியாபாரி அங்கே போனார். உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்குகிறது, பழைய துப்பாக்கிக்கு ஏகக் கிராக்கி, அசல் கிடைக்கவில்லை. கோல்ட்டின் 1851 'நேவி' மாடலை அங்கே செய்யச் சொன்னார். கிரெகோரெல்லி, உபெர்ட்டி என்கிற பெயர்கள் அப்படித்தான் பிரபலமாயின. உச்சகட்ட வேடிக்கை, 1971-ல் கோல்ட் கம்பெனியே இத்தாலிய உதிரி பாகங்களை வைத்துத் தன் பழைய நேவி மாடலை மறுபடி விற்றது. அசலே நகலிடம் கை நீட்டிய கதை.

அந்த ஆரம்ப கால நகல்களுக்கே இன்று சேகரிப்பாளர்கள் உண்டு. எப்படி அடையாளம் காண்கிறார்கள்? நான் பி.காம். படித்தவன், எனக்குப் பிடித்தது இந்தக் கணக்குதான். இத்தாலியில் ஒவ்வொரு துப்பாக்கியையும் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையில் வெடித்துப் பார்த்து முத்திரை குத்துவார்கள். ஆடிட்டர் கையெழுத்து மாதிரி. கூடவே வருடத்துக்கு ஒரு குறி. 1945 என்றால் ரோமன் ஒன்று, 1954 பத்து, 1964 இருபது, 1974 முப்பது. 1975 முதல் இரட்டை எழுத்து: ஏஏ, அடுத்த வருடம் ஏபி. முத்திரை படித்தால் ஜாதகம் தெரியும்.

முத்திரை இல்லாவிட்டாலும் வழி உண்டு. கோல்ட் தன் நேவியை .36 அளவில் மட்டுமே செய்தது. யாராவது .44 அளவில் '1851 நேவி' என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம், நகல்தான். நேவி என்று சொல்லி பித்தளைச் சட்டத்தைக் காட்டினாலும் உஷார். கோல்ட் போட்டது இரும்புச் சட்டம். இரும்புக்குத் தட்டுப்பாடு வந்ததால் தெற்கத்திக்காரர்கள்தான் போர்க்காலத்திலேயே பித்தளைச் சட்டத்தில் கோல்ட்டைக் காப்பியடித்தார்கள். நகலுக்கும் நூற்றறுபது வருடப் பாரம்பரியம்!

வில்லன் எங்கே வருகிறான் தெரியுமா? முத்திரையை அரத்தால் ராவி, ஆசிட் தடவித் துருவேற்றி, 'தாத்தா போருக்கு எடுத்துட்டுப் போனது' என்று விற்கும்போது.

இதன் வலி எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு பழம்பொருள் கடையில், பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் வாங்கினேன். '1920 மாடல் சார்.' எட்டாயிரம் ரூபாய். ரிப்பேருக்குக் கொண்டுபோனபோது மெக்கானிக் பெரியவர் சிரிக்காமல் சொன்னார்: "மோட்டார் மட்டும்தான் தம்பி பழசு. பெட்டி புதுசு. குழாய் போன வருஷம் அடிச்சது." பாட்டு என்னவோ நன்றாகத்தான் பாடியது. 'புதுசா செஞ்சது, மூவாயிரம்' என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். இப்போது அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ஏமாற்றியது நகல் இல்லை, அந்தப் பொய்.

லியோனிக்கும் இது பொருந்தும். 1964-ல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தபோது டைட்டிலில் அவர் பெயர் 'பாப் ராபர்ட்சன்'. மியூசிக் மோரிக்கோனி 'டான் சாவியோ'. அமெரிக்கப் படம் என்று நம்ப வைக்க இத்தாலிய முத்திரையை ராவிவிட்டார்கள். கதை குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961). அதையும் சொல்லவில்லை. ஜப்பானியர்கள் வழக்குப் போட்டு, வசூலில் 15 சதவிகிதத்தை வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டே வருடத்தில் 'குட், பேட், அக்லி'. இதில் ஒளிவுமறைவு இல்லை. அமெரிக்கப் போர், இத்தாலிய டைரக்டர், ஸ்பெயின் நாட்டுப் பொட்டல், ஊளையிடுகிற மோரிக்கோனி இசை என்று அத்தனையும் தெரிந்தே கோத்தது. லியோனி என்று கொட்டை எழுத்தில் முத்திரை. 'ஸ்பகெட்டி வெஸ்டர்ன்' என்று கேலி செய்தார்கள். இன்று அந்தக் கேலியே ஒரு கௌரவப் பெயர். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அவரும் 1948-ல் இத்தாலியில் பிறந்த அமெரிக்கர்தானே!

அதனால்தான் அந்தக் கடைக் காட்சியை, அத்தனை தப்போடும், படத்தின் ஆத்மா என்கிறேன். டூகோ அங்கே கோப்பது ரிவால்வரை மட்டும் இல்லை, லியோனியின் சினிமாவையும்தான். அங்கங்கே பொறுக்கியது எல்லாம் ஒன்றாகப் பேசுகிறதா என்று காதில் வைத்துக் கேட்கிறான்.

காப்பியடிக்காத கலைஞன் யார் சார்? எடுத்தால் எடுத்தேன் என்று முத்திரை குத்துங்கள். ஐம்பது வருடம் கழித்து அந்த நகலையே தேடி வருவார்கள்.

என் கிராமபோனை அலமாரிக்கு மேல் ஏற்றியாயிற்று. அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'மோட்டார் மட்டும் பழசு.' இப்போது கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.