225 என்ற எண்ணும் நம் பிள்ளைகளும்
(நுண்ணறிவு அளவுகோல் பற்றி ஒரு திறனாய்வு)

ஆரல்வாய்மொழி தாண்டினால் நெல்லைச் சீமை. அங்கே ஒரு குழந்தை பெயர் வாங்கினால் இங்கே சாலைக் கம்போளத்திலும் கரமனையிலும் வலியசாலையிலும் அது நம் வீட்டுச் செய்திதான். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாளையங்கோட்டைச் சிறுமி விசாலினியின் நுண்ணறிவு ஈவு 225 என்று பத்திரிகைகள் எழுதியபோது திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் மகிழாதவர் யார்? தென்கொரியாவின் கிம் உங்-யோங்கின் பெயரில் கின்னஸ் புத்தகம் ஒரு காலத்தில் பதித்திருந்த 210-ஐ நம்ம ஊர்ப் பிள்ளை தாண்டிவிட்டாள் என்ற பெருமை. அந்தக் குழந்தையின் திறமையைப் பற்றி இக்கட்டுரைக்கு எந்த ஐயமும் இல்லை. பள்ளிப் பருவத்திலேயே கணினி வலையமைப்புத் தேர்வுகளில் பெரியவர்களோடு உட்கார்ந்து தேறியது கண்ணெதிரே நடந்த சாதனை. இங்கே ஆராய எடுத்துக்கொண்டது அந்த எண்ணை மட்டும். 225 என்றால் என்ன? அது எதை அளக்கிறது?

கதை பாரிஸில் தொடங்குகிறது. 1905-இல் ஆல்ஃபிரட் பினே தம் உதவியாளர் சிமோனோடு சேர்ந்து ஒரு வினாத் தொகுப்பை உருவாக்கினார். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்குத் தனி உதவி செய்வதே நோக்கம். மேதைகளைத் தேடுவது அவர் வேலையாக இருக்கவில்லை. எந்த வயதுப் பிள்ளைகள் சாதாரணமாகச் செய்யும் கணக்கை ஒரு குழந்தை செய்கிறதோ அதுவே அதன் மன வயது. 1912-இல் ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன் மன வயதைக் கால வயதால் வகுக்கச் சொன்னார். 1916-இல் அமெரிக்காவின் டெர்மன் அதை நூறால் பெருக்கிப் பரப்பினார். எட்டு வயதுப் பிள்ளை பத்து வயதுக் கேள்விகளுக்கு விடை சொன்னால் 125. அவ்வளவுதான் சூத்திரம்.

இந்த டெர்மன் வடிவத்தைத்தான் வி. வி. காமத் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். தார்வாடில் கன்னடமும் மராத்தியும் பேசும் 1,074 பிள்ளைகளிடம் சோதித்து 1934-இல் முடிவை வெளியிட்டார். அதுவே பினே-காமத் சோதனை. விசாலினிக்குச் செய்யப்பட்டதாகச் செய்திகள் சொன்னதும் இதுதான். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இன்றும் பல மருத்துவமனைகளில் இது புழங்குகிறது.

இந்தச் சோதனையில் மூன்று வயது முதல் பத்து வயது வரை ஆண்டுக்கு ஒரு படி. அப்புறம் 12, 14, 16, 19, 22. இருபத்திரண்டோடு ஏணி முடிந்துவிடும். இதைக் கொஞ்சம் கவனியுங்கள், விஷயம் இங்கேதான் இருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லி உச்சப்படியைத் தொட்ட பிள்ளைக்கு மன வயது 22. அதற்கு ஒன்பதே முக்கால் வயதானால் ஈவு ஏறக்குறைய 225. அதே விடைகளை எட்டு வயதில் சொன்னால் 275. பதினொரு வயதில் 200. பதினான்கில் 157 மட்டுமே. விடைத்தாள் ஒன்றுதான், எழுத்துக்கூட மாறவில்லை. பிறந்தநாள் மாறியது, மேதையின் எண் சரிந்துவிட்டது! ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் விடைத்தாளைப் பற்றிய தீர்ப்பாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அளவுகோலின் இயல்பே இப்படி. உச்சவரம்பை முட்டும் இடத்தில் அது பிள்ளையை அளப்பதை நிறுத்திவிட்டுத் தன் கூரையின் உயரத்தைத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் மர்லின் வாஸ் சாவந்துக்குக் கின்னஸ் பதித்த 228-ஐயும் இதே கண்ணோடு பாருங்கள். பத்து வயதில் 228 என்றால் மன வயது இருபத்திரண்டே முக்காலுக்குச் சற்று மேல். அங்கேயும் ஏணியின் கடைசிப் படிதான்.

இந்தக் குழப்பம் தெரிந்துதான் 1939-இல் டேவிட் வெக்ஸ்லர் வகுத்தலையே கைவிட்டார். ஒரே வயதினரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பவருக்கு 100, திட்ட விலக்கம் 15 என்று வைத்தார். ஸ்டான்ஃபோர்ட்-பினேயும் 1960-இல் அந்த வழிக்கு வந்தது. இப்போது எண் சொல்வது ஒருவர் தம் வயதினரிடையே எத்தனையாவது இடத்தில் நிற்கிறார் என்பதை. மன வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் வாசகர் என்ன செய்கிறார்? பழைய முறை 225-ஐப் புதிய முறைப் பொருளில் படித்துவிடுகிறார். அப்படிப் படித்தால் வரும் விபரீதத்தைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

225 என்பது சராசரிக்கு 125 புள்ளி மேல். அதாவது எட்டேகால் திட்ட விலக்கத்துக்கும் மேல். இயல்நிலைப் பரவல் அட்டவணைப்படி அவ்வளவு உயரத்தில் இருக்கக்கூடியவர் சுமார் 250 கோடி கோடியில் ஒருவர். உலகில் மனிதன் தோன்றிய நாளிலிருந்து இதுவரை பிறந்தவர் எல்லாம் சேர்த்தே ஏறத்தாழ 11,700 கோடிதான் என்று மக்கள்தொகை அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். இன்று வாழும் எண்ணூறு கோடிப் பேரில் முதல் இடத்தில் நிற்பவருக்கே இக்கணக்குப்படி எதிர்பார்க்கத்தக்கது சுமார் 195. ஆகவே புதிய பொருளில் 225 என்று ஒன்று இருக்கவே முடியாது. பழைய பொருளில் இருக்கலாம். ஆனால் அதைக் கொண்டு உலக வரிசை போட முடியாது. கின்னஸ் நிறுவனமே 1990-இல் மிக உயர்ந்த நுண்ணறிவு ஈவு என்ற பிரிவைக் கைவிட்டுவிட்டது. அதற்கு இருபதாண்டு கழித்து நம் ஏடுகள் இல்லாத பந்தயத்தில் கோப்பை வாங்கிக் கொடுத்தன.

சரி, உயரத்தை அளக்கவே தனியாக ஒரு சோதனை செய்தால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். 1985 ஏப்ரலில் ரொனால்ட் ஹோஃப்லின் என்பவர் 'ஆம்னி' என்ற அமெரிக்க இதழில் 'மெகா டெஸ்ட்' வெளியிட்டார். 48 கேள்விகள், பாதி சொல் ஒப்புமை, பாதி எண்ணும் வடிவமும். நேர வரம்பு கிடையாது, வீட்டில் உட்கார்ந்து அகராதியைப் புரட்டிக்கொண்டே எழுதலாம். வாஸ் சாவந்த் 46 சரியாக எழுதினார். ஹோஃப்லின் அவருக்கு 186 கொடுத்தார். கேள்விகள் நல்ல கேள்விகள்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். கோளாறு இருப்பது மதிப்பெண்ணை ஈவாக மாற்றிய இடத்தில். பத்து லட்சத்தில் ஒருவரை அடையாளம் காட்டுவேன் என்று சொல்லும் சோதனைக்குப் பத்து லட்சம் பேரைப் பாரபட்சமின்றிப் பொறுக்கி எழுத வைத்தால்கூட அந்த ஒருவர் ஒரே ஒருவராகத்தான் கிடைப்பார். ஒருவரை வைத்து எல்லைக்கோடு போட முடியுமா? இங்கே எழுதியதோ சில ஆயிரம் பேர். அவர்களும் புதிர் விரும்பித் தாமாக அனுப்பியவர்கள். அவர்கள் முன்பு வேறு தேர்வுகளில் பெற்றதாகச் சொன்ன மதிப்பெண்ணோடு பொருத்தி, கோட்டை அப்படியே மேலே நீட்டிவிட்டார்கள். கடற்கரையில் முழங்கால் வரை இறங்கிவிட்டு நடுக்கடலின் ஆழம் சொல்வது போன்றது இது. 1991-இல் இச்சோதனையை மதிப்பிட்ட ரோஜர் கார்ல்சனும் இந்தத் தானே வந்த கூட்டத்தின் பலவீனத்தைத்தான் முக்கியக் குறையாகக் கண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். நம் மரபில் இதைவிட நேர்மையான உயர்நிலைச் சோதனை ஒன்று இருந்தது. பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். எட்டு என்றால் அட்டாவதானம், பத்து என்றால் தசாவதானம், பதினாறுக்குச் சோடசாவதானம், நூறுக்குச் சதாவதானம். அந்த நூறு என்பது சபை பார்க்கச் செய்த காரியங்களின் எண்ணிக்கை. கோடியில் ஒருவர் என்ற அனுமானம் அதில் இல்லை. செய்ததை எண்ணினார்கள், பட்டம் கொடுத்தார்கள். விசாலினி தேறிய தேர்வுகளை எண்ணிச் சொல்லியிருந்தால் அந்தப் பெருமைக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

மேல் நுனியை விடுங்கள். அங்கே தவறினால் வீண் பெருமையோடு போய்விடும். கீழ் நுனியில் தவறினால் ஒரு குழந்தையின் வாழ்க்கை. 70-க்குக் கீழே என்று எழுதிவிட்டால் சான்றிதழ், தனிப் பள்ளி, பரிவுப் பார்வை என்று எல்லாம் தொடரும். நல்ல சோதனைக்கே நம்பகத்தன்மை 0.9 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு எண்ணுக்கும் இருபக்கமும் ஏறக்குறைய 9 புள்ளி தடுமாற்றம் உண்டு. 68 என்று எழுதப்பட்டது 59-ஆகவும் இருக்கலாம், 77-ஆகவும் இருக்கலாம். அறிக்கையில் இந்த இடைவெளியை எழுதாதவர்களே அதிகம். பழைய அளவுகோலால் வரும் பிழை வேறு. ஜேம்ஸ் ஃபிளின் 1984-இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி ஏறிக்கொண்டே வந்ததைக் காட்டினார். 1930-களின் தார்வாட் பிள்ளைகளோடு இன்றைய பிள்ளையை ஒப்பிடும்போது நடு 100 எங்கே நகர்ந்திருக்கும் என்று யாராவது பார்த்தார்களா?

நமக்கு மட்டும் உள்ள சங்கடம் மொழி. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மலையாளம். சோதிப்பவர் நல்ல மனத்தோடு மலையாளத்தில் கேட்பார். "வெள்ளம்" என்றால் அவருக்குக் குடிக்கும் தண்ணீர். பாட்டியிடம் தமிழ் கற்ற பிள்ளைக்குத் தாமிரபரணியில் கரைபுரண்டு வருவது. "சம்மந்தி" எதற்கு என்று கேட்டால் அவர் எதிர்பார்ப்பது தேங்காய்த் துவையல். நம் பிள்ளை அக்காளின் மாமனாரைச் சொல்லும்! சிரிக்கலாம்தான், ஆனால் சொல் வளப் பகுதியில் அதற்குப் பூஜ்யம் விழும். நடுவில் தமிழில் விளக்கிக் கேட்டாலும் சோதனை சோதனையாக இருக்காது. தரப்படுத்திய வாசகம் மாறிவிட்டது.

ஆகவே பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோர் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் சிலவற்றைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்: எந்தச் சோதனை, எந்த ஆண்டில் யாரை வைத்துத் தரப்படுத்தியது, எந்த மொழியில் கேட்டார்கள், எண்ணின் இருபக்கத் தடுமாற்றம் எவ்வளவு. சொல்லை நம்பும் சோதனையோடு, 1938-இல் வந்த ரேவனின் வடிவச் சோதனையோ 1955-இல் சி. எம். பாட்டியா அமைத்த செயற்சோதனைத் தொகுப்போ சேர்த்துச் செய்யச் சொல்லிக் கேட்கலாம். அவற்றில் மொழித் தடை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கட்டளையைப் புரிந்துகொள்ளவும் மொழி வேண்டும். ஆனால் இரண்டு எண்களும் இருபது புள்ளி விலகி நின்றால், குறை பிள்ளையிடமா பாஷையிலா என்று கேட்க நமக்கு ஆதாரம் கிடைக்கும்.