பழங்கணினி ஆர்வமும் நமது எழுத்தும்

பழைய கணினிகளைச் செப்பனிட்டு இயக்கி மகிழ்வது இன்று உலகெங்கும் ஒரு பொழுதுபோக்கு. 1982இல் வெளிவந்த கொமடோர் 64இன் மஞ்சளித்த உறையை ஐதரசன் பேரொட்சைட்டால் வெளுத்து, பழுதான கொள்ளளவிகளை மாற்றி, திரை மீண்டும் ஒளிரக் காண்பதில் இன்பமுண்டு. அதனை யாம் மறுக்கவில்லை. மின்சாரமற்ற 1990களில் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வன்னிக்குப் பழம்பொருளை இயக்கும் கலை புதிதன்று. (அன்று அது பொழுதுபோக்கன்று என்பது வேறு.)

ஆயின், பொறி உயிர்பெற்றதும் ஆர்வலர் நிறைவடைந்துவிடுகின்றனர். அதிலே எழுதப்பட்டவை யாவை என வினவுவார் அரியர். ஒருங்குறி பரவுமுன் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை இருத்தின. எழுத்துரு இல்லாவிடின் கவிதையும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகும். பாமினிக்கேனும் மாற்றிகள் உள. 1980களின் ஆதமி போன்ற செயலிகளில் எழுதியவற்றை எழுதியவாறே காண்பதற்கு அச்செயலியும் அதனை இயக்கவல்ல பொறியும் வேண்டும். இங்கேதான் இப்பொழுதுபோக்கு பயன்மிக்க பணியாதல் கூடும்.

2008-2009 இடப்பெயர்வுகளில் நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் இழந்த வன்னியாருக்கு, புலம்பெயர்ந்த உறவினர் மேசையிற் கிடக்கும் பிளொப்பி வட்டொன்றே எஞ்சிய படியாயிருத்தல் கூடும். கொமடோரில் விளையாட்டை மீட்ட கைகள் அவ்வட்டை வாசிக்கவும் வல்லன. அவ்வாறு வாசிக்க முனைந்தார் ஒருவரையேனும் யான் இதுவரை கண்டிலேன்.