காலடிக் கணக்கு

கேகாலை ரப்பர் மலையில் மழை விட்ட காலையில், பால் சிரட்டை கட்டிய மரத்தடியில் குந்திப் பாருங்கள். தனியாக இரை தேடும் எறும்பு ஒன்று சருகில் ஏறும், வேரைச் சுற்றும், திரும்பும். பூச்சி கிடைத்ததும் அந்தச் சுற்றையெல்லாம் விட்டுவிட்டு வளைப்பக்கம் நடையைக் கட்டும். எனக்கு அலுக்காத காட்சி இது.

வளை எவ்வளவு தூரம் என்பது எறும்புக்கு எப்படித் தெரிகிறது? இதற்குத் துனீசியப் பாலைவன எறும்புகளை வைத்து விட்லிங்கர், வேனர், வூல்ஃப் மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு அற்புதமானது. இரையெடுத்த எறும்புகளின் கால்களில் பன்றி மயிரை ஒட்டி உயரமாக்கினார்கள். கூடு இருந்தது 10 மீட்டரில். அவையோ 15 மீட்டர் போய்த்தான் தேட ஆரம்பித்தன. கால் குறைக்கப்பட்டவை (பாவம்தான்) 6 மீட்டருக்குள்ளேயே நின்றுவிட்டன. போகும்போது எத்தனை அடி வைத்தனவோ அத்தனையையே திரும்பும்போதும் வைத்தன. அடியின் நீளம்தான் மாறியிருந்தது. அதே பொய்க்காலோடு கூட்டிலிருந்து புதிதாகப் புறப்பட்டபோது கணக்குப் பிசகவில்லை.

திசைக்கு அவை வானொளியை நம்புகின்றன. ஆனால் வானொளி இல்லாமலும் திசை அறியலாம்: வெளிச்சமே இல்லாத இருட்டிலும் பாலைவனத் தாயெலி குட்டியைக் கவ்விக்கொண்டு நேரே கூடு சேர்வதை மிட்டல்ஸ்டெட் தம்பதியர் 1980இல் காட்டினார்கள். எலியின் உடல் திரும்புவதை அதன் உட்காது உணர்த்துகிறது. தரையை அது உணராதபடி மெல்லச் சுழற்றினால் அந்தளவுக்கே வழி தப்பும்.

இப்படிக் கணக்கிட்டு நடக்க நடக்கச் சின்னப் பிழைகள் சேரும். அதனால்தான் வளையைக் காணாத எறும்பு, நின்ற இடத்தைச் சுற்றி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே தேடுகிறது.