பூனைக்கு ஒரு மர்ஸியா

"ஹஜ்ரத்! செத்துப்போன ஒரு பூனைக்கா 65 பைத்துகள்?"

சென்ற மாதம் இப்னு கல்லிகானின் 'வஃபயாத்துல் அஃயான்' நூலில் கவிஞர் இப்னுல் அல்லாஃபைப் பற்றிய பகுதியை ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, மாணவர் ஒருவர் இடைமறித்துக் கேட்ட கேள்வி இது. உடனிருந்தோர் நகைத்தனர். இருபதாண்டுகளுக்கு மேலாக இவ்விடத்தில் நாம் சொல்லிவரும் விடை ஒன்றுண்டு. "அது பூனையன்று தம்பி, கொலையுண்ட ஓர் இளவரசர். அரசுக்கு அஞ்சிய கவிஞர் பெயரை மறைத்துப் பூனை என்றார்" என்பதே அது. கேட்பவருக்கும் நிறைவு, சொல்பவருக்கும் மதிப்பு. ஆனால் அன்று அவ்விடை நமது நாவில் எழவில்லை. ஏன் எழவில்லை என்பதை எழுதிவிடுவது நமது கடன் எனக் கருதுகிறோம்.

அபூபக்ர் ஹஸன் இப்னு அலீ என்பது இப்னுல் அல்லாஃபின் பெயர். நஹ்ரவானைச் சேர்ந்தவர். பக்தாதில் அப்பாஸிய கலீஃபா முஃததிதின் அவையில் உடனிருந்து உரையாடிய புலவருள் ஒருவர். கண்பார்வை அற்றவர். நூறாண்டு வாழ்ந்து ஹிஜ்ரி 318இலோ 319இலோ, அதாவது கி.பி. 930ஐ ஒட்டி மறைந்தார் என்பர். அவர் ஆசையாய் வளர்த்த பூனை அண்டை வீட்டாரின் புறாக்கூடுகளில் நுழைந்து குஞ்சுகளைத் தின்று பழகிவிட்டது. கூட்டுக்குரியோர் அதனைப் பிடித்துக் கொன்றனர். அதற்காக அவர் பாடிய மர்ஸியாவே இது. இப்னு கல்லிகான் பைத்துகளின் தொகையை 65 எனச் சொல்லி, தேர்ந்தெடுத்த சிலவற்றைத் தருகிறார்.

இத்துடன் நின்றிருந்தால் தொல்லையில்லை. அவரே வேறு கதைகளையும் எடுத்துரைக்கிறார். பூனை என்றது ஹிஜ்ரி 296இல் (கி.பி. 908) ஒரே நாள் கலீஃபாவாயிருந்து கொல்லப்பட்ட கவிஞர் அப்துல்லாஹ் இப்னுல் முஃதஸ்ஸையே என்பர் ஒரு சாரார். இல்லை, அமைச்சர் இப்னுல் ஃபுராத்தின் மகன் முஹஸ்ஸினையே என்பர் மறுசாரார். இன்னொரு கதையோ கொடியது. அமைச்சர் அலீ இப்னு ஈஸாவின் அடிமைப் பெண்ணொருத்தி நமது கவிஞரின் ஏவலிளைஞனை விரும்ப, இருவரும் பிடிபட்டுக் கொல்லப்பட்டனராம். அவ்விளைஞனுக்கான புலம்பலே இக்கவிதையாம்.

ஒரு கவிதைக்கு மூன்று மறைபொருள்! இளவரசர், அமைச்சர் மகன், ஏவலிளைஞன். மூவரும் ஒருவருக்கொருவர் யாதொரு தொடர்பும் அற்றவர். இம்மூவருக்கும் ஒரே சட்டை பொருந்துகிறதெனில், அது எவருக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டையன்று எனத் தோன்றவில்லையா? இம்மூன்று கதைகளும் கவிஞரின் உள்ளத்தைக் காட்டுவதைவிட, கதை சொன்னோரின் வெட்கத்தையே கூடுதலாய்க் காட்டுகின்றன. நல்லறிவுள்ள ஒரு பெரியவர் பூனைக்காக இத்துணை அழுதார் என்பதை அவர்களால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. இத்தனைக்கும் விலங்குக்கு இரங்கிப் பாடுவது அறபுக் கவிதைக்குப் புதிதன்று. அபூ நுவாஸ் தமது வேட்டை நாய் பாம்பு தீண்டி மாண்டபோது பாடியிருக்கிறார். அந்த நாயைக் கலீஃபாவாக்க எவரும் முற்பட்டதில்லை.

எதிர்வாதத்தின் வலிமையை மறைப்பது நேர்மையாகாது. கவிதையில் கவிஞர் பூனையை நோக்கி, உனக்குரியதல்லாத இடத்தில் ஏன் ஏறினாய், எச்சரிக்கையாய் இருந்திருக்கலாகாதா என்று இடித்துரைக்கிறார். அரியணையில் ஏறி உயிரிழந்த இப்னுல் முஃதஸ்ஸுக்கு இது பொருந்தத்தான் செய்கிறது. நாமும் இதைக் கொண்டே இத்தனை காலம் வாதிட்டோம். ஆனால் பூனை வளர்த்தவர் எவரும் அறிவர்: காணாமற்போன பூனையை எண்ணி அழுபவர், அழுகையினூடே அதனை ஏசவும் செய்வர். "போகாதே என்றால் கேட்டாயா?" என்பது ஒப்பாரியின் இயல்பான மொழி.

நமது கருத்தை மாற்றியது வேறொன்று. கவிஞரின் பெயரை அடுத்து 'ளரீர்', பார்வையற்றவர், என்னும் சொல் நிற்கிறது. அதனை எத்தனையோ முறை வாசித்துவிட்டு, அடுத்த சொல்லுக்கு விரைந்திருக்கிறோம். இப்போது நின்று பாருங்கள். நீ எமக்குப் பிள்ளையின் இடத்தில் இருந்தாய் என்கிறார்; வீட்டில் பாம்பும் எலியும் அண்டாமல் காத்தாய் என்கிறார். பார்வையுடைய புலவர் கூறினால் இது வெறும் புகழ்ச்சி. இருளில் கால் வைக்கும் குருடர் ஒருவர் கூறும்போது, பாம்பு என்னும் சொல்லின் எடையே வேறு. அவருக்கு அந்தப் பூனை காலடியில் உரசும் மென்மயிர். அருகில் கேட்கும் உறுமல். தரையில் ஊர்வதை முன்னரே அறியும் காவல். அது கொல்லப்பட்டதை அவர் கண்டிருக்க மாட்டார். வராமற்போனதை மட்டுமே அறிந்திருப்பார். பிரிந்து போனாய், திரும்பவில்லை என்று கவிதை தொடங்குவதன் காரணம் அதுவேயெனக் கொள்கிறோம்.

குறையும் சொல்ல வேண்டும். நமக்குக் கிடைக்கும் பைத்துகளில் பிற்பகுதி பேராசையின் கேட்டைப் பற்றிய பொன்மொழிகளாய்ப் பெருகிவிடுகிறது. ஒரு கவளம் உயிரைப் போக்கும் என்பன போன்ற அறவுரைகள் மேடைக்கு ஏற்றவை. அழுதுகொண்டிருந்தவர் எழுந்து பயான் செய்யத் தொடங்கிவிட்டார் எனலாம். பிற்காலத்தார் மனனம் செய்தவை பெரும்பாலும் இவற்றையே. நமக்கோ பாம்பும் எலியும் வரும் பைத்துகளே கவிதை.

பூனையின் மீது பரிவு கொள்வது மார்க்க அறிஞரின் கண்ணியத்துக்கு இழுக்கு என எண்ணுவோர்க்கு அபூ கதாதா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி ஒன்றே போதும். மருமகள் கப்ஷா (ரலி) ஒளூவுக்குத் தண்ணீர் வைக்க, பூனையொன்று குடிக்க வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நின்ற மருமகளிடம், அது நஜீஸன்று, உங்களைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் உள்ள செய்தி இது. 'தவ்வாஃபீன்' என்னும் அச்சொல்லைக் கவனிக்க வேண்டும். திருமறையின் நூர் அத்தியாயத்தில் 58ஆம் வசனம், வீட்டினுள் வந்து போகும் ஏவலரையும் சிறுவரையும் குறிக்குமிடத்தில் இதே வேர்ச்சொல்லை ஆள்கிறது. பூனை வெளியிலிருந்து வந்த விலங்கன்று. வீட்டாரின் வரிசையில் அதற்கும் ஓரிடம் உண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரும் ஹிர்ரா என்னும் சொல்லின் குறுமை வடிவிலிருந்து வந்ததே: பூனைக்குட்டியின் தந்தை.

ஒன்றை இடையே சொல்லிவிடுகிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் 'முஇஸ்ஸா' என்னும் பூனை உறங்கியதால் சட்டைக் கையை வெட்டினார்கள் என்று மேடைகளிலும் இதழ்களிலும் வழங்கும் கதைக்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. அத்தகைய நிகழ்ச்சி ஹிஜ்ரி 578இல் மறைந்த ஷைகு அஹ்மதுல் கபீர் ரிஃபாயீ (ரஹ்) அவர்களைப் பற்றியே வரலாற்று நூல்களில் காணப்படுகிறது. நல்ல கதையை உரியவர் பெயரிலேயே சொல்லலாமே!

இனி நமது கதை. சற்றேறக்குறைய முப்பதாண்டுகளுக்கு முன், மணமான புதிதில், வாடகை வீடொன்றில் இருந்தோம். உம்மா உடனிருந்தார்கள். கண்புரை முற்றி, விளக்கின் ஒளி மட்டுமே தெரியும் நிலை. அவர்களின் கால்மாட்டில் படுத்துக் கிடந்த பழுப்பு நிறப் பூனைக்குச் சீனி என்று பெயர். அடுத்த வீட்டில் கோழி வளர்த்துக் காலம் தள்ளிய ஒரு கைம்பெண்ணின் குஞ்சுகளில் ஏழினைச் சீனி தின்றுவிட்டது. "ஹஜ்ரத் வீட்டுப் பூனையே இப்படி" என்று தெருவில் பேச்சு வந்தது. நமக்கு வந்தது நாணம், இரக்கமன்று. ஒருநாள் சுபுஹுக்குப் பின் சீனியைச் சாக்கில் இட்டு, மிதிவண்டியில் ஆற்றுக்கு அப்பால் மீன் சந்தைக்குப் பின்புறம் விட்டு வந்தோம். உம்மாவிடம் சொல்லவில்லை. மஃரிபு நேரமானால், "கதவைச் சாத்தாதே வாப்பா, சீனி இன்னும் வரல" என்பார்கள். பல மாதம் அப்படிச் சொன்னார்கள். அறியாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

அதே ஆண்டில் நாம் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் முகம் சிவக்கிறது. அதில் தெளிவாக உள்ளது: பறவையையோ உணவையோ அழிப்பது ஒரு பூனையின் வழக்கம் என்று தெரிந்திருந்தால், இரவாயினும் பகலாயினும், இழப்பீடு அதன் உடையவர் மீது. அத்தகைய பூனையையும், அது அமைதியாய் இருக்கும்போது கொல்லலாகாது என்பதே நமது மத்ஹபில் வலுவான கருத்து. ஏனெனில் அதன் தீங்கைக் காவலால் தடுக்கலாம். கைம்பெண்ணுக்கு ஏழு குஞ்சுகளின் விலை, பூனைக்கு இருப்பிடம். இரண்டையும் சட்டம் நமது தலைமீதே வைத்திருந்தது. நாமோ இரண்டையும் ஆற்றுக்கு அப்பால் விட்டு வந்தோம். இம்மின்ஹாஜுக்கு விரிவுரை எழுதியவரே, 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் விலங்கு நூலையும் எழுதிய தமீரீ (ரஹ்) என்பது மாணவருக்கு நாம் பெருமையோடு சொல்லும் செய்தி!

இந்த அளவுகோலால் பார்த்தால், இப்னுல் அல்லாஃபும் முற்றும் குற்றமற்றவரல்லர். குஞ்சுகளுக்கு அவர் ஏதேனும் கொடுத்ததாக இப்னு கல்லிகானின் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. நவவீ அவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் பிந்தியவர் எனினும், அண்டை வீட்டார் உரிமை அதற்கு முன்பே உள்ளதுதான். 65 பைத்துகளில் ஒன்றிரண்டின் உழைப்பை அவர் புறாக்காரரிடம் செலவிட்டிருந்தால் மர்ஸியாவே தேவைப்பட்டிராது. நமக்கு ஒரு நல்ல கவிதை கிடைத்திராது, அவ்வளவே.

ஆகவே மாணவருக்கு நாம் கூறிய விடை: "ஆம் தம்பி, பூனைக்குத்தான். 65உம் பூனைக்குத்தான்." இம்முறை எவரும் நகைக்கவில்லை.

இப்போது நமது வீட்டில் நெற்றியில் வெள்ளைத் திட்டுடைய கறுப்புப் பூனையொன்று வளர்கிறது. மகள் அதற்குக் குல்லா என்று பெயரிட்டிருக்கிறாள். மதிலுக்கு அப்பால் புறா வளர்க்கும் அண்டை வீட்டாரிடம், குல்லாவால் குஞ்சு போனால் விலை நம்முடையது என்று முன்னரே சொல்லி வைத்தோம். சிரித்தார். சென்ற வாரம் ஒரு குஞ்சுக்குப் பணம் கொண்டுபோனபோது வாங்க மறுத்தார். திண்ணையில் வைத்துவிட்டு வந்தோம்.

இதனை எழுதும் இவ்வேளையில் குல்லா 'வஃபயாத்'தின் இரண்டாம் பாகத்தின் மீது உறங்குகிறது. பைத்துகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருந்தது. அது எழும்வரை பொறுத்திருக்கிறோம்.