ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா

ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா என்பது அமெரிக்கப் பாடகர் கேப்டன் பீஃப்ஹார்ட்டும் அவரது மேஜிக் பேண்ட் குழுவினரும் 1969 ஆம் ஆண்டு வெளியிட்ட இரட்டை இசைத்தட்டுத் தொகுப்பு ஆகும். 28 உருப்படிகள் கொண்ட இதனை ஃபிராங்க் ஸாப்பா தயாரித்தார். 1967 இல் வெளிவந்த முதல் தொகுப்பான ‘சேஃப் ஆஸ் மில்க்’ பெரிதும் புளூஸ் ராக் வகையைச் சேர்ந்தது. அதைக் கேட்டுவிட்டு இதற்கு வருபவர் திகைத்துப்போவார்.

இரண்டு கிதார்களும் வெவ்வேறு தாளக்கணக்கில் செல்கின்றன. பேஸ் கிதார் தனி வழியில் நடக்கிறது. டிரம்ஸ் யாருக்குத் துணை நிற்கிறது என்று புரிவதில்லை. மனம்போன போக்கில் வாசித்தது என்று பலரும் கருதக் காரணம் இதுவே. உண்மையில் இவற்றுள் பெரும்பாலானவை மனோதர்மமாக வாசிக்கப்பட்டவை அல்ல. பியானோ கற்றிராத பீஃப்ஹார்ட் அதில் தோன்றியதை எல்லாம் தட்டுவார். டிரம்ஸ் கலைஞர் ஜான் ஃபிரெஞ்ச் அதைக் குறிப்பெடுத்து, துண்டுகளைப் பொருத்தி, மற்றவர்களுக்குப் பாடமாக்கினார். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் உட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் மாதக்கணக்கில் ஒத்திகை நடந்தது. உணவுக்கே திண்டாடியதையும் பீஃப்ஹார்ட்டின் கெடுபிடியையும் குழுவினர் பின்னர் எழுதியுள்ளனர். கலையகத்தில் பெரும்பாலான வாத்தியப் பகுதிகள் சுமார் ஆறு மணி நேரத்தில் பதிவாகிவிட்டன. அந்த அளவுக்கு மனப்பாடம்! முழுவதையும் எட்டரை மணி நேரத்தில் தாமே இயற்றியதாகப் பீஃப்ஹார்ட் கூறிவந்தார். ஃபிரெஞ்சின் பெயரோ முதல் பதிப்பின் உறையில் இடம்பெறவே இல்லை.

குழுவினரிடம் இவ்வளவு துல்லியம் கேட்டவர், தாம் பாடும்போது ஹெட்ஃபோன் அணிய மறுத்து, கண்ணாடி வழியே கசிந்த ஒலியை மட்டும் கேட்டுப் பாடினார். குரல் தாளத்தை விட்டு நழுவுவது சில பாடல்களில் அழகு. பலவற்றில் அலட்சியம் என்றே சொல்ல வேண்டும். ஹவ்லின் உல்ஃபை நினைவூட்டும் அந்தக் கரகரப்பு, ஒற்றைக் கிதாருடன் வீட்டிலேயே பதிவான ‘சைனா பிக்’ பாடலில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. தொகுப்பின் நீளமும் ஒரு குறை. துணையில்லாமல் வாசிக்கப்படும் கவிதைகளில் சிலவற்றை விட்டிருக்கலாம்.

புதிதாகக் கேட்பவர் முதல் உருப்படியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முன்னதாகவே பதிவான ‘மூன்லைட் ஆன் வெர்மான்ட்’ பாடலில் புளூஸின் வேர் தெளிவாகத் தெரியும். அடுத்து, குரலே இல்லாத ‘ஹேர் பை: பேக் 2’. அதில் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்தால், தனித்தனியே ஓடும் வாத்தியங்கள் எங்கெங்கே ஒன்றாக வந்து சேர்கின்றன என்பது மூன்றாம் முறை கேட்கும்போது பிடிபடும்.