மூன்றாவது மாதம்: பழைய லேப்டாப்பும் லினக்ஸ் மதிப்புரைகளும்

அக்கா பெண் போன வருடம் கல்லூரியில் சேர்ந்தாள். சேர்ந்ததும் கேட்டது ஒரு லேப்டாப். புதிதாக வாங்கும் நிலையில் வீடு இல்லை. ஆனால் பரணில் ஒன்று கிடந்தது. என் தம்பி பிளஸ் டூ படித்தபோது, 2012-இல், அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது. எப்போதோ ஒரு கடையில் போட்டுக் கொடுத்த திருட்டு விண்டோஸ் 10 உள்ளே இருந்தது. ஆன் பண்ணிவிட்டு டீ போடப் போனால், டீ ஆறிய பிறகுதான் திரை வரும்.

நைனார்பாளையத்துக்கு மாதம் ஒருமுறையாவது போவேன். போகும்போதெல்லாம் பென்டிரைவில் ஒரு டிஸ்ட்ரோ கொண்டுபோய் அதில் போட்டுப் பார்த்தேன். கூடவே என்னிடம் இருந்த ஒரு ஆட்டம் என்270 நெட்புக்கிலும். எதைப் போடுவது என்று தெரிந்துகொள்ள நிறைய மதிப்புரைகள் படித்தேன், வீடியோக்கள் பார்த்தேன். இந்தக் கட்டுரை டிஸ்ட்ரோக்களைப் பற்றியது என்பதைவிட அந்த மதிப்புரைகளைப் பற்றியது என்று சொல்லலாம்.

அவற்றுக்கு ஒரு அச்சு இருக்கிறது. இன்ஸ்டால் செய்வார்கள், வால்பேப்பரைப் புகழ்வார்கள், ஒன்றும் திறக்காத நிலையில் எவ்வளவு ரேம் பிடிக்கிறது என்று காட்டுவார்கள், மார்க் போடுவார்கள். அடுத்த வாரம் அடுத்த டிஸ்ட்ரோ. துணைக்கு டிஸ்ட்ரோவாட்ச் தரவரிசை. அந்தத் தளத்தில் அந்தந்த டிஸ்ட்ரோவின் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதுதான் அந்த எண். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனாலும் எம்எக்ஸ் லினக்ஸ் வருடக்கணக்கில் முதலிடத்தில் இருந்ததை ஏதோ தேர்தல் முடிவு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தோம்.

ரேம் கணக்கைப் பார்ப்போம். இந்த லேப்டாப்பில் ஆண்டிஎக்ஸ் 23 சும்மா இருக்கும்போது 250 எம்.பி. சுற்றி எடுத்தது. மின்ட் எக்ஸ்எஃப்சிஇ 700 எம்.பி.யைத் தொட்டது. ஆண்டிஎக்ஸ் ஜெயித்துவிட்டது, மதிப்புரை முடிந்தது. ஆனால் அக்கா பெண் லேப்டாப்பை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வாங்கவில்லையே. ஃபயர்ஃபாக்ஸில் கல்லூரி போர்ட்டல் ஒன்று, யூடியூப் பாடம் ஒன்று, பக்கத்தில் லிப்ரே ஆஃபிஸ். திறந்த ஐந்து நிமிடத்தில் இரண்டுமே ஸ்வாப்பில் தவித்தன. பாரம் டெஸ்க்டாப்பில் இல்லை, பிரவுசரில் இருக்கிறது. ‘லேசான டிஸ்ட்ரோ’ என்ற சொல் 2010-இல் உண்மையாக இருந்திருக்கலாம். லுபுண்டு குழுவே 2018-இல் பழைய கணினிக்கானது என்ற அடையாளத்தை விட்டுவிட்டது. நம் மதிப்புரைக்காரர்கள் இன்னும் விடவில்லை.

அந்த லேப்டாப்பை நிஜமாக மாற்றியவை மூன்று. ஒரு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி., பழைய கடையில் கிடைத்த டிடிஆர்3 ரேம் துண்டு (4 ஜி.பி. ஆனது), ரேமிலேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம். ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு நிமிடம் எடுத்த மின்ட், எஸ்.எஸ்.டி.யில் அரை நிமிடத்துக்குள் வந்தது. எந்த டிஸ்ட்ரோ மாற்றமும் இந்த வித்தியாசத்தில் கால் பங்கைக்கூடத் தரவில்லை. இதைச் சொன்னால் வீடியோ ஒரே பாகத்தில் முடிந்துவிடும், அதனால்தான் சொல்வதில்லை போல.

டிஸ்ட்ரோக்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது. ஆனால் மதிப்புரைகள் பார்க்காத இடங்களில் இருக்கிறது.

பப்பி லினக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பேரி காலர் 2003-இல் தொடங்கியது. மொத்தமாக ரேமில் ஏறி ஓடும். வேகத்தில் குறை சொல்லவே முடியாது. பென்டிரைவிலிருந்து ஓட்டும்போது நாம் செய்த மாற்றங்கள் அவ்வப்போதும் ஷட் டவுன் செய்யும்போதும்தான் பென்டிரைவுக்குப் போகும். பேட்டரி இல்லாத லேப்டாப், ஊரில் மதியம் போகும் கரண்ட், இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? அவள் ஒன்றரை மணி நேரம் அடித்த அசைன்மென்ட் போச்சு. “மாமா, நோட்டுல எழுதியிருந்தா இருந்திருக்கும்” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மதிப்புரையிலாவது ‘கரண்ட் போனால்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் நான் அதை அவளிடம் கொடுத்திருக்க மாட்டேன்.

உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் பொதியாக வருகிறது. எஸ்.எஸ்.டி. போடுவதற்கு முன் அது முதல்முறை திறக்க எடுத்த நேரத்தில் அக்கா இரண்டு முறை “ஆஃப் ஆயிடுச்சா?” என்று கேட்டுவிட்டார். டெபியன் பற்றிய பழைய புகார், வைஃபை ஃபர்ம்வேர் இல்லாமல் வரும் என்பது. 2022-இல் அவர்கள் ஓட்டெடுப்பு நடத்தி முடிவை மாற்றினார்கள், 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது. மின்ட்டில் டிரைவர் மேனேஜர் வழியாகப் போட வேண்டியிருந்தது, அதற்கே இன்டர்நெட் வேண்டும். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டதும் வேலை முடிந்தது.

அடுத்தது தமிழ். ஆங்கில மதிப்புரைகளில் இது இல்லாதது இயல்பு, தமிழ் வீடியோக்களிலும் இல்லாதது எனக்குப் புரியவில்லை. கீபோர்டு செட்டிங்கில் போய்த் தமிழ்99 என்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தால் விசைகள் தமிழாகும். ஆனால் அது வெறும் விசை வரைபடம், புள்ளி தானாக விழாது. ‘அம்மா’ என்று அடித்தால் ‘அமமா’ என்று வரும். ‘லினக்ஸுக்குத் தமிழ் தெரியாது’ என்று முடிவு கட்டி விண்டோஸுக்குத் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். ஐபஸ், அதனோடு எம்17என் போட்டால் முழுத் தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை எல்லாம் சரியாக வரும். மின்ட்டில் இது பத்து நிமிட வேலை. ஆண்டிஎக்ஸில் ஐபஸ் தானாகத் தொடங்க ஒரு கோப்பைத் திறந்து கையால் எழுத வேண்டும். எனக்குப் பிரச்சினையில்லை. அவளுக்கு?

இங்கேதான் பாஸ் லினக்ஸ் ஞாபகம் வருகிறது. சிடாக் சென்னையில் டெபியனை வைத்து உருவாக்கி, 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிய லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. அதற்கு முன்பே உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்நிறுவனக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தார். அதாவது லட்சக்கணக்கான தமிழ்நாட்டு வீடுகளுக்கு, சின்னசேலம் பக்கத்துக் கிராமங்கள் உட்பட, தமிழ் மெனுவோடு ஒரு லினக்ஸ் இலவசமாக வந்து சேர்ந்தது. உலகத்தில் எத்தனை டிஸ்ட்ரோவுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது?

தம்பி அதை இரண்டு முறை திறந்திருப்பான். பாஸ் மோசம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பொதிகள் பழையவை, தோற்றம் மந்தம் என்று. நான் ஏற்கவில்லை. அன்றைய டெபியன் எப்படியோ அப்படித்தான் இருந்தது, பிளஸ் டூ பையனுக்குத் தாராளம். டாங்கிள் வேலை செய்யாதபோது போய்க் கேட்க ஒரு ஆள் இல்லை, அதுதான் குறை. பள்ளியில் யாரும் அதைத் திறந்து காட்டவில்லை. கடைக்காரருக்கு விண்டோஸ் தெரியும், அதனால் இடம் வேண்டும் என்று சொல்லி பாஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டார். மென்பொருளைக் கொடுத்தார்கள், கூட ஆளைக் கொடுக்கவில்லை. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அறிவித்தபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வியும் இதுதான்: ரிப்பேர் என்றால் எங்கே போவார்கள்?

செப்டம்பரிலிருந்து அவள் லேப்டாப்பில் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ இருக்கிறது. அதைவிடச் சிறந்தது இல்லை என்பதால் தேர்ந்தெடுக்கவில்லை. ஏதாவது ஆனால் போனில் சொல்லித் தீர்க்க முடிகிறது: ‘கீழே இடது பக்கம் மெனு, அதில் அப்டேட் மேனேஜர்’ என்றால் அவளுக்குப் புரிகிறது. மூன்றாவது மாதத்தில் வந்த புகார்கள் இரண்டு. லிப்ரே ஆஃபிஸில் செய்த கோப்பு பிரின்ட் கடையில் வரி குலைந்து வந்தது. இப்போது பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோகிறாள். வானவில் எழுத்துருவில் வந்த ஒரு படிவம் கிறுக்கலாகத் தெரிந்தது. எழுத்துருக் கோப்பை அனுப்பி வைத்தேன், டபுள் கிளிக் செய்து போட்டுக்கொண்டாள்.

நெட்புக் கதை வேறு. அது 32 பிட் மட்டுமே. டெபியன் 13 அதற்கு இன்ஸ்டாலர் தருவதை நிறுத்திவிட்டது, எம்எக்ஸும் 25-ஆம் பதிப்பில் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 145 முதல் 32 பிட் லினக்ஸ் இல்லை. ஆண்டிஎக்ஸ் 23-உம் ஃபயர்ஃபாக்ஸின் நீள்ஆதரவுப் பதிப்பு 140-உம் அதில் இன்னும் ஓடுகின்றன. பிரவுசருக்கு 2026 செப்டம்பர் வரை உறுதி சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அதில் பாட்டுக் கேட்கலாம், டைப் அடிக்கலாம். மோட்டார் ரூமில் வைத்துக்கொள்கிறேன் என்று அக்கா வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.