மூன்று நிமிட ஸ்கேனை எதற்கு நம்பலாம்?

ஜெர்மனியின் ஆகென் நகரில் கிறிஸ்டியானே கூல் குழுவினர் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, 17 நிமிட மார்பக எம்.ஆர்.ஐ.க்குப் பதில் 3 நிமிடம் போதுமா என்று கேட்டது. புற்றுக்கட்டியில் புதிதாக முளைக்கும் ரத்தக்குழாய்கள் கசியும் தன்மை கொண்டவை. ரத்தநாளத்தில் ஏற்றும் காடோலினியம் என்ற சாய மருந்து அங்கே முதல் ஓரிரு நிமிடங்களிலேயே சேர்ந்து ஒளிரும். மற்றத் திசு மெல்லத்தான் ஒளிரும். ஆகவே மருந்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தால் போதும் என்பது வாதம். 443 பெண்களின் 606 ஸ்கேன்களில் இருந்த 11 புற்றுகளும் சிக்கின.

வெறும் பதினொன்று. அதோடு, குறுகிய ஸ்கேன் என்பது முழு ஸ்கேனிலிருந்தே நறுக்கி எடுத்த முதல் துண்டு.

அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் நடந்து 2020இல் வெளியான இ.ஏ.1141 ஆய்வு பெரியது: அடர்த்தியான மார்பகம் கொண்ட 1,444 பெண்கள். புற்று இருந்த 23 பேரில் குறுகிய எம்.ஆர்.ஐ. 22 பேரைக் கண்டுபிடித்தது. முப்பரிமாண மேமோகிராம் 9 பேரை மட்டும். வெற்றிதான், ஆனால் யாருடையது? அடர்ந்த மார்பகத்தில் எம்.ஆர்.ஐ. மேமோகிராமை வெல்லும் என்பது பழைய செய்தி. முழு எம்.ஆர்.ஐ. அந்தப் போட்டியிலேயே இல்லை. இதைச் சுருக்கியதன் வெற்றி என்று கொண்டாடுவது அவசரம். விலையும் உண்டு: நோயில்லாதவர்களைச் சரியாக விலக்கும் திறன் 86.7 சதவீதம், மேமோகிராமுக்கு 97.4. நோயே இல்லாத நூறு பேரில் சுமார் பதின்மூன்று பேர் வீணாகக் கலங்குவார்கள், சிலர் பயாப்சி ஊசி வரை போவார்கள்.

2025இல் வெளிவந்த பிரிட்டனின் பிரெய்டு ஆய்வு இன்னொரு போட்டியாளரை நிறுத்துகிறது. மேமோகிராமில் ஒன்றும் தெரியாத, அடர்ந்த மார்பகம் கொண்ட பெண்களில் குறுகிய எம்.ஆர்.ஐ. ஆயிரம் பரிசோதனைக்கு 17.4 புற்றுகளைக் கண்டது. சாய மருந்து ஏற்றி எடுக்கும் மேமோகிராம் 19.2. எம்.ஆர்.ஐ. கருவியே இல்லாத ஊரில் எது நடைமுறைக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. மிச்சமாகும் நிமிடங்களும் கருவிக்குத்தான். ஊசி குத்துவதும் கவிழ்ந்து படுக்க வைப்பதும் சுருங்கவில்லை.

இவற்றில் எதுவும் மரணம் குறைந்ததா என்று அளக்க வடிவமைக்கப்பட்டதல்ல. இருந்தும், அடர்ந்த மார்பகத்தில் தேடுவதற்குக் குறுகிய ஸ்கேனை ஏற்கலாம். புற்று உறுதியான பிறகு அதன் பரப்பை அளக்கவும், கீமோவுக்கு அது சுருங்குகிறதா என்று பார்க்கவும் இந்த ஆய்வுகள் சான்றாகா. மருந்து எப்படி ஏறி இறங்குகிறது என்ற வரைகோடு, வெட்டிவிட்ட நிமிடங்களில்தான் இருக்கிறது. அறுவைக்கு முன் முழு ஸ்கேனையே கேட்க வேண்டும்.